பந்தி வஞ்சனை

எங்கள் நிரலில் பனி ஓர் எண்.
சுழியத்தில் தொடங்கி ஒன்றில் முடியும்.
மேகத்துக்குள் நுழைந்தால் ஏறும்,
வெயில் பட்டால் இறங்கும்.
எடை கூடும், வேகம் குறையும்,
முன்கண்ணாடியின் ஓரத்தில்
ஓவியர் மூவர் வரைந்த வெள்ளை
அழகாய்ப் பூக்கும்.
'அசலேதான்' என்று பெட்டியில் அச்சடித்தாயிற்று.

நவம்பர் கடைசி. ஔலு நகரில்
மூன்று மணிக்கே இருட்டு.
சோதித்துப் பார்க்க வந்தவள் வியெனோ ஹார்யுலா,
கயானிக்கும் ஔலுவுக்கும் இடையே
இருபத்திரண்டு குளிர்காலம்
இரவுத் தபால் ஓட்டியவள்.
காலணியை வாசலில் கழற்றிவிட்டுச்
சாம்பல்நிறக் கம்பளிக் காலுறையோடு
பெடலில் கால் வைத்தாள்.

கால் மணி நேரம் பேச்சில்லை.
பிறகு,
"உங்கள் பனி ரொம்ப நல்ல பிள்ளை.
இடது இறக்கைக்கு ஒரு கரண்டி
வலது இறக்கைக்கு ஒரு கரண்டி
வாலுக்கும் அதே அளவு.
எங்கே கற்றது இந்த நியாயத்தை?"

பந்தி வஞ்சனை
என்று குறித்துக்கொண்டேன்.

எடை பெரிதில்லை என்றாள்.
உப்புத்தாள் அளவு சொரசொரப்பு போதும்,
காற்று இறக்கையோடு உறவை முறித்துக்கொள்ளும்.
ரப்பர் உறை ஊதிப் புடைத்து
முன்விளிம்பில் ஒட்டியதை உடைக்கும், சரி;
உடையாமல் பின்னால் வழிந்த நீர்
ரப்பரின் கை எட்டாத இடத்தில் போய்
உறைந்து உட்கார்ந்துகொள்ளுமே, அது எங்கே?
சத்தம் எங்கே?
உந்துவிசிறி கழற்றி எறியும் சில்லுகள்
கடன்காரன் கதவைத் தட்டுவதுபோல்
விலாவில் தட்டுமே?
தானியங்கி, அவன்தான் பொய்யன்.
மூக்கை மெல்ல மெல்லத் தூக்கிப் பிடித்து
எல்லாம் நலம் என்று பச்சை விளக்கெரிப்பான்.
தாங்காதபோது
ஒரு வார்த்தை சொல்லாமல் கையை விடுவான்.

எப்போதாவது விட்டானா என்று கேட்டேன்.

"நான்கு இருபது" என்றாள்.
விடியற்காலை மணியைத்தான் சொல்கிறாள் என்று புரிய
சற்று நேரமாயிற்று.
இறங்குவதற்காக மடிப்பை இறக்கியிருக்கிறாள்.
வால் பிடியை விட்டது.
மூக்கு ஏரியைப் பார்த்தது.
மடிப்பை மேலேற்றி, இரண்டு கையாலும்
வயிற்றுவரை இழுத்து...
அதற்குமேல் சொல்லவில்லை.
"தபால் எல்லாம் போய்ச் சேர்ந்தது.
பாதி மின்கட்டண ரசீது."

அந்தக் குளிர்காலம் முழுக்க
ஒற்றை எண்ணைக் கலைத்துக்கொண்டிருந்தேன்.
இறக்கையை நாற்பத்தெட்டுத் துண்டாக்கி
ஒவ்வொன்றுக்கும் தனித்தலையெழுத்து.
சுழியத்துக்குக் கீழும் உறைய மறந்து
தொட்டதும் நினைவு வந்து இறுகும் துளிகள்,
சிறிதாய், பெரிதாய்.
எண்ணெய் டப்பா மீது பனிக்கட்டி எறிந்து
சத்தம் பதிவுசெய்தேன்; அண்டை வீட்டார் புகார் செய்தார்கள்.

வெளியிட்டோம். மூன்று நிலை:
இல்லை, லேசு, அசல்.
பத்தில் ஒன்பது பேர் 'இல்லை'.
"நீலவானத்துக்குத்தானே காசு கொடுக்கிறார்கள்"
என்றான் எங்கள் ரெயோ, கோபமில்லாமல்.
நானும் வீட்டில் 'லேசு'தான்.

மார்ச்சில் மறுபடி வந்தாள்.
'அசல்' போட்டுக்கொண்டாள்.
ஓடுபாதை, தாழ்ந்த மேகம்,
கழித்தல் நான்கு, தூறல்.
வானிலைத் தாளை இரண்டு முறை படித்தாள்.
எஞ்சினைத் தொடவில்லை.
நிறுத்தப் பிடியை இறுக்கினாள்,
மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.
நான் காப்பி கொண்டுவந்தேன். குடித்தாள்.

திரை பொறுத்துப் பார்த்துவிட்டு எழுதியது:
பயணம் நிறைவேறவில்லை.
மதிப்பெண் சுழியம்.

வாசலில் குனிந்து காலணி மாட்டியபடி
"பனி இப்போது பரவாயில்லை" என்றாள்,
"அந்தக் கடைசி வரிதான்."

வண்டி நிறுத்துமிடத்தில் அவள் கண்ணாடியைச் சுரண்டும் சத்தம்
ஜன்னல்வழி கேட்டது:
ஓட்டுநர் பக்கம் நெடுநேரம்,
மறுபக்கம் இரண்டே இழுப்பு.

அந்த வரியைத் திறந்து வைத்திருக்கிறேன்.
சுழியத்தை அழித்தாயிற்று.
அங்கே என்ன போடுவது என்று
இன்னும் தெரியவில்லை.